கண்ணாடிக்குள் முத்தையா

“தலைய ஆட்டாதீங்கலா,” என்கிறார் நல்லையா, எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்து. நாற்காலியில் இருப்பவரிடம் அவர் பேசுவதெல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான்.

காஜா பெராங் தெருவில் ஒற்றை நாற்காலி போட்ட முடிதிருத்தும் கடை. கை தலையில் இருக்கும். கண் கண்ணாடியில் இருக்கும். பாசார் சந்தையில் மீன் விலை, மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த பிறகு யாருக்குக் குடியுரிமை கிடைத்தது என்று ஊர்க்கதை முழுக்க கண்ணாடிக்குள் தெரியும் முகத்தோடுதான். அதே ஆள் தெருவில் எதிர்ப்பட்டால் நல்லையா திருதிருவென்று விழிப்பார். “கடைக்கு வந்து உக்காருங்க, யாருன்னு சொல்லிடறேன்,” என்று சிரித்துச் சமாளிப்பார்.

அந்தக் கண்ணாடியில் அவருக்கு மிகவும் பிடித்த முகம் முத்தையாவுடையது. ரப்பர் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி. முடி வளர்ந்ததோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து உட்கார்ந்துவிடுவார். சுதந்திர நாளை அறிவிக்கப் போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குக் கிளம்பிய அன்றும் வந்தார்.

“வகிடு நேரா இருக்கணும்யா. இன்னைக்கு ஸ்டூடியோவுல படம் புடிச்சுக்கப் போறேன்.”

என்ன சந்தோஷமான நாள் அது! கடையைச் சாத்திவிட்டு இருவரும் ஒரே சைக்கிளில் போனார்கள். மறு ஆண்டு கொடி ஏறியபோது முத்தையா இல்லை. காய்ச்சல் கொண்டுபோய்விட்டது.

காரியத்துக்கு, அன்று முத்தையா பிடித்துக்கொண்ட படத்தைப் பெரிதாக்கி வாங்கிவர நல்லையா போனார். ஸ்டூடியோக்காரன் தியாகு படத்தை நீட்டியதுமே முகம் சுளித்தார்.

“நெகட்டிவ திருப்பிப் போட்டுட்டியே தம்பி. வகிடு எடுத்தவன் நானு. அது இந்தப் பக்கம்லா.”

வகிடு எடுத்தவரே சொல்கிறாரே என்று தியாகுவும் நெகட்டிவைப் புரட்டிப் போட்டு வேறு படம் அச்சிட்டுக் கொடுத்தான்.

மாலையும் கையுமாக நின்றிருந்தாள் முத்தையாவின் மனைவி சாரதாம்பாள். படத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“இது யாருண்ணே?”

“என்ன தங்கச்சி, நம்ம முத்தையாதான்.”

“இத்தன வருசமா எதிர நின்னு சோறு போட்டவ, எனக்குத் தெரியாதா? மச்சம் பக்கம் மாறியிருக்கு. சட்டப் பையப் பாருங்க, வலப்பக்கம் போயிருச்சு. அவரு மொகத்தையே மாத்திட்டீங்களே!”

உறவுக்காரர்கள் முன்னால் நல்லையாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. ஓடிப்போய் முதல் படத்தையே வாங்கிவந்தார். மாலை ஏறியது. அவள் கதறி அழுதாள். நல்லையாவுக்கு அழக்கூட வரவில்லை. சுவரில் இருந்தவர் யாரோ போலிருந்தார். முத்தையாவை மறுபடியும் பறிகொடுத்தது போலிருந்தது அவருக்கு.

சில நாள் பொறுத்து ஸ்டூடியோவுக்குப் போய்த் தனக்கும் ஒரு படம் கேட்டார்.

“எந்தப் பக்கம்ணே?” என்றான் தியாகு, கொஞ்சம் பயந்துகொண்டே.

“தங்கச்சி சொன்ன பக்கமே போடு. அதுதான் சரி.”

அதைக் கடையின் பின்சுவரில், நாற்காலிக்குப் பின்னால் உயரமாக மாட்டினார். முதுகுப் பக்கம் மாட்டினால் யார் பார்ப்பது என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். அவர் எதிரே உள்ள கண்ணாடியைத் துடைக்கிறார்.

ஞாயிறு காலை. கடையில் ஆள் இல்லை. காலி நாற்காலியின் பின்னால் நின்று நல்லையா நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிறார். உள்ளே பின்சுவர்ப் படத்து முத்தையா, வகிடு பழைய பக்கத்தில். துண்டை உதறி நாற்காலியில் போடுகிறார். பிறகு சீப்பை எடுத்து, எட்டி, கண்ணாடிமேல் அந்த வகிட்டை மெதுவாக ஒருமுறை இழுத்துவிடுகிறார்.