சந்தையின் தலையில் ஒரு சுழி

வசீலா டீச்சர் இல்லை. ஊர் நூலகத்தில் பிள்ளைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியர். அந்தத் தற்காலிகம் தொடங்கியபோது அவள் தலையில் ஒரு நரைகூட இல்லை. ஆனாலும் பிள்ளைகள் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். அவளும் தடுக்கவில்லை. சம்பளத்தில் வராதது வாயிலாவது வரட்டுமே.

சனிக்கிழமை கதை நேரம். ராஜாவுக்கு ஒரு குரல், கழுதைக்கு ஒரு குரல் என்று அவள் நினைத்துக்கொண்டு வாசிப்பாள். கேட்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இப்பப் பேசுறது ராஜாவா கழுதையா, டீச்சர்?"

"கதை முடியட்டும். நீங்களே சொல்லுங்க."

மிளகாய் காயப்போடும் பருவம் அது. ஊரே தும்மிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கடல் தாண்டிய ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து பெட்டி பெட்டியாகக் கதைப் புத்தகங்கள் வந்து இறங்கின. துனிசியப் பிள்ளைகளுக்குப் பொருளாதாரமும் சுதந்திரமும் கற்பிக்கப் போகின்றனவாம். கதை இதுதான்: ஒரு பையன் ஆரஞ்சுச் சாறு விற்கிறான். ராஜாவின் ஆட்கள் வந்து உரிமம் எங்கே என்று கேட்டுச் சாற்றைக் கொட்டிவிடுகிறார்கள். யாருக்கு என்ன கெடுதல் செய்தான் என்று ஊர் திரண்டு கேட்கிறது. ராஜா வெட்கப்பட்டுச் சட்டத்தைக் கிழிக்கிறார். கடைசிப் பக்கத்தில் ஊரே கத்துகிறது: வாழ்க சுதந்திரச் சந்தை!

தாளெல்லாம் பளபள. எழுத்துக்கு மேலும் கீழும் போடும் உயிரொலிக் குறிகள் மட்டும் இல்லை. குறி இல்லாத அரபு எழுத்து வெறும் எலும்பு. பெரியவர்கள் பழக்கத்தில் சதை வைத்துப் படித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் எங்கே போவார்கள்?

முன்வரிசைச் சிறுமி தொர்சாஃப் எழுந்து கடைசிப் பக்கத்தை வாசித்தாள். "வாழ்க ஹர்ர் சந்தை!"

கூட்டம் சிரித்து உருண்டது. ஒரே எலும்புதான். தலையில் சாய்கோடு போட்டால் ஹர்ர், சூடு. சுழி போட்டால் ஹுர்ர், சுதந்திரம்.

"சூடு இல்லடி. ஹுர்ர். உதட்டைக் குவி."

"எங்கப்பா நாள் முழுக்க ஹர்ர், ஹர்ர்னுதான டீச்சர் கத்துறாரு?"

"உங்கப்பா ஃப்ரிகசே பன்னு விக்கிறாரு. இது பொருளாதாரம்."

"ரெண்டுல எது வயித்துக்கு நல்லது, டீச்சர்?" என்றது பின்வரிசை.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து தன் அலமாரிப் பிரதிகளில் எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழி போட்டாள் வசீலா.

தொர்சாஃபின் அப்பா லஸ்ஹரின் தள்ளுவண்டி நூலக வாசலில்தான் நின்றது. பொரித்த பன்னைப் பிளந்து மீன், முட்டை வைத்து, காதில் புகை வருகிற மிளகாய் விழுதைத் தடவித் தருவான். வசீலாவுக்குத் தினமும் மதியச் சாப்பாடு அதுதான்.

"காரம் கம்மியாவா, லெல்லா?" என்பான், அம்மா என்கிற மரியாதையில்.

"நான் என்ன சுற்றுலா வந்தவளா?"

மகள் வீட்டில் வாசித்துக்காட்டிய கதை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "ராஜா வெக்கப்பட்டானா! அது எந்த ஊரு லெல்லா? குடிபோயிடலாம்."

அறக்கட்டளைக்காரர்கள் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நூலக இயக்குநர் ரவூஃப், மரியாதையாகச் சி ரவூஃப், முன்சதுக்கத்தில் விழாவுக்கு ஏற்பாடு செய்தார். கடைசிப் பக்கத்தை வாசிக்கத் தொர்சாஃபைத் தேர்ந்தெடுத்தாள் வசீலா. விழாவுக்கு முந்தின நாள் சதுக்கத்தைச் சுத்தம் செய்ய நகராட்சி லாரி வந்தது. சுத்தம் என்றால் வண்டிகளை அள்ளுவது.

லஸ்ஹர் மகளின் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினான். "இதுல போட்டிருக்கு பாருங்க! நாளைக்கு இதுக்குத்தான விழாவே?"

"கதைப் புஸ்தகமா? உரிமம் எங்கய்யா?" என்று கேட்ட நகராட்சி ஆள் சிரித்தபடி அடுப்பைக் கவிழ்த்தான். எண்ணெய் படிக்கட்டு வரை ஓடியது.

வசீலா மூச்சிரைக்க இயக்குநர் அறைக்கு ஓடினாள். "சி ரவூஃப், நாளைக்கு வாசிக்கப்போற பொண்ணோட அப்பா வண்டி அது."

"தெரியும் வசீலா. விருந்தாளிங்க எண்ணெய்ப் புகையிலயா வந்து இறங்குவாங்க? விழா நல்லா முடியட்டும், நானே பேசி வண்டியை வாங்கித் தர்றேன். உன்னை நிரந்தரம் பண்ற காகிதமும் என் மேஜையிலதான் கிடக்கு. எதையும் கெடுத்துடாத."

"நாளைக்கு வண்டி வந்துடும்" என்று லஸ்ஹரிடம் போய்ச் சொன்னாள். பாதி நம்பித்தான் சொன்னாள்.

மறுநாள் வண்டி நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி நின்றது. தொர்சாஃப் வெள்ளைச் சட்டை போட்டு மேடையேறி, தேனாக வாசித்தாள். சி ரவூஃப் கண்ணை மூடித் தலையாட்டினார். கடைசிப் பக்கம் வந்தது. அவள் மூச்சை இழுத்து, தெருமுனைவரை கேட்கும்படி, அப்பனின் அதே ராகத்தில் கூவினாள்: "வாழ்க ஹர்ர்ர் சந்தை!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

"தப்பா வாசிக்கிறா. திருத்து" என்று பல்லைக் கடித்து ஒலிவாங்கியை வசீலாவின் கையில் திணித்தார் சி ரவூஃப்.

தொர்சாஃப் திரும்பி அவளையே பார்த்தாள். அவள் கையிலிருந்த புத்தகத்தில் சிவப்புச் சுழி கொழுகொழுவென்று இருந்தது, வசீலாவே போட்டது. உதட்டைக் குவி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி, வேலை, எல்லாம் அந்த வார்த்தையில் இருந்தது.

"சரியாத்தான் வாசிக்கிறா" என்றாள் வசீலா. "நம்மூர்ல அது அப்படித்தான்."

மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரர். 'சுதந்திரச் சந்தை வாழ்க என்கிறாள், டீச்சரும் ஆமோதிக்கிறார்' என்று விருந்தாளிகளின் காதில் போட்டார். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரு அம்மாள் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். புகைப்படம் அழகாக வந்தது: பிள்ளை, புத்தகம், பூந்தொட்டி.

மேஜை மேல் கிடந்த காகிதம் இழுப்பறைக்குள் போயிற்று. வசீலா புத்தகக் கிடங்கு வேலைக்குப் போனாள். வண்டியைக் கேட்டு நகராட்சிக் கொட்டடிக்குப் போன லஸ்ஹரை, "விழால உன் பொண்ணு ரொம்பச் சூடாமே" என்று கேட்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள்.

அவன் நேராகக் கிடங்கு வாசலுக்கு வந்தான். "ஒரு வார்த்தை திருத்தியிருந்தா வண்டி வந்திருக்கும், லெல்லா."

"அவ மேடையில நின்னு என்னையே பார்த்தா, லஸ்ஹர்."

"சின்னப் பொண்ணு. ரெண்டு நாள் அழுதுட்டு மறந்திருப்பா. நீங்க பெரியவங்க. என்னைக் கேட்டீங்களா?"

 பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கதை நேரத்தில் வேறொருத்தி வாசித்தாள். ராஜாவும் கழுதையும் தெளிவாக வேறு வேறு குரல். தொர்சாஃப் வரவில்லை. பள்ளி விட்டதும் அம்மாவோடு மிளகாய்க்குக் காம்பு கிள்ளப் போகிறாளாம். கை எரிகிறதாம்.

சி ரவூஃப் கிடங்கை எட்டிப் பார்த்துப் பிரிக்காத பெட்டிகளைக் காட்டினார். "இதெல்லாம் வெளியூர்ப் பள்ளிங்களுக்குப் போகுது. எல்லாத்துலயும் குறி போட்டு வை. இனிமே எந்தப் பிள்ளையும் உளறக் கூடாது."

வசீலா சிவப்புப் பேனாவை எடுத்தாள். எல்லாச் சொல்லுக்கும் ஒழுங்காகக் குறி போட்டாள். கடைசிப் பக்கத்தில், சந்தைக்குப் பக்கத்துச் சொல்லின் தலையில் மட்டும், அழுத்தி ஒரு சாய்கோடு. அடுத்த புத்தகத்திலும் அதே கோடு. அதற்கடுத்ததிலும்.

எங்கேயோ ஒரு டீச்சர் இதைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். கோட்டை வளைத்துச் சுழியாக்கிவிட்டு, உதட்டைக் குவி என்பாள் பிள்ளையிடம். நல்ல டீச்சர் என்றால் அதைத்தான் செய்வாள்.

மதியம் பசித்தது. வழக்கம்போல வாசலுக்குப் போனாள். பூந்தொட்டிக்கு யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.