சாமி சொன்ன காத்து

பேய் பிசாசுன்னு யாராச்சும் ஆரம்பிச்சா டீ கிளாஸ தூக்கிட்டு வேற மேசைக்குப் போயிடுற ஆளு நான். ஏர்கோன் ரிப்பேர் வேலை, எது கெட்டாலும் உள்ள ஒரு காரணம் இருக்கும்னு தேடுறவன். இத கேட்டு நீங்க சிரிப்பீங்க, தெரியும், சிரிங்க.

எனக்கு கல்யாணம் ஆகல, செந்தூல் ஃப்ளாட்ல ஒண்டியாத்தான் இருக்கேன். பிரஷருக்கு தினம் மாத்திரை, அப்படியும் நெஞ்சு படபடன்னு அடிக்கும், செத்துக் கிடந்தா எத்தன நாள் கழிச்சு கதவ உடைப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். மூணு கிளினிக் ஏறி எறங்கியாச்சு. கடைசியா பாத்த மலாய் டாக்டர் வயித்த அமுக்கிட்டு ‘ஆங்கின்’தான்னு சிரிச்சாரு. மலாய்ல ஆங்கின்னா காத்து, வயித்துல கேஸ், அவ்வளவுதான். எனக்குத்தான் மனசு கேக்கல.

கூட வேலை செய்யறவன் கிள்ளான்ல வைத்தியம் பாக்குற ஒரு சாமிகிட்ட அனுப்புனான். சாமிக்கு என்ன விட வயசு கம்மி. டாக்டர் என்ன சொன்னாருன்னு கேட்டாரு.

“காத்துன்னு சொன்னாரு சாமி.”

நான் சொன்னது கேஸு, அவரு எடுத்துக்கிட்டது காத்து கருப்பு. “டாக்டருக்கே தெரிஞ்சு போச்சா? பொம்பள காத்து அண்ணே, உங்க கூடவே வருது. மாத்திரை வாடை அதுக்கு ஆகாது, அதான் நெஞ்ச அமுக்குது. நிறுத்திடுங்க, நான் பாத்துக்கிறேன்”னு என் கைய புடிச்சுக்கிட்டாரு.

இல்ல சாமி, கேஸுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா ஒருத்தர் என் கைய அவ்வளவு நேரம் புடிச்சு எத்தன வருஷம் ஆச்சு, அதுக்கே நம்பிட்டேன், மடையன்.

மூணு வாரம் மாத்திரை போடல. பின்மண்டை விண்ணு விண்ணுன்னு வலிச்சுது, போன் பண்ணுனா அது காத்து கெளம்புற வலின்னாரு சாமி.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல வாழை எல சாப்பாட்டுக்கு உக்காந்தேன். தமிழ்நாட்டுலேருந்து வந்து வேலை பாக்குற தம்பி ஒருத்தரு, நான் அந்த கடைக்குப் போறதே அதான் மொத தடவ, எனக்கு ஒரு எல, எதுத்தாப்புல ஒரு எல போட்டாரு. நான் தனியாத்தான் வந்தேன்னு சொல்லிட்டு அப்பளம் கேட்டேன்.

“அக்கா வேணாம்னு சொல்லிட்டாங்களேண்ணே. அப்பளம், ஊறுகா ரெண்டும் வைக்காதீங்க, பிரஷரு, மாத்திரையும் நிறுத்திட்டாருன்னு திட்டிக்கிட்டு இருந்தாங்க. இப்பத்தான் கை கழுவ போனாங்க.”

நம்புனா நம்புங்க, நம்பாட்டி போங்க, பிரஷருன்னு அந்த கடையில நான் யாருகிட்டயும் வாயே தொறக்கல. கை கழுவுற எடத்துல போய் பாத்தா யாரும் இல்ல, குழாய்ல தண்ணி மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. சோத்துல கை வைக்காம நேரா கிளினிக்குக்குப் போனேன். நர்ஸு ரெண்டு தடவ மெஷின கட்டிப் பாத்துட்டு டாக்டர கூப்புட்டாங்க, அவரு பெரிய ஆஸ்பத்திரிக்கே ஏத்தி விட்டாரு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கை கால் இழுத்திருக்கும்னாங்க.

வெளிய வந்ததும் கிள்ளானுக்குத்தான் போனேன், சண்ட போட. கடையில நடந்தத சொன்னதும் சாமி மூஞ்சி வெளுத்துப் போச்சு.

“சும்மா சொன்னேன் லா அண்ணே. தனியா வர்ற எல்லாருக்கும் அதத்தான் சொல்றது. கூட ஒரு ஆளு இருக்குன்னா கொஞ்சம் தெம்பா போவாங்க.”

அப்ப கடைக்கு வந்தது யாரு? அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. கூட இருக்குறதா அவரு சொன்னது மாத்திரைய வேணாம்னுச்சு, வந்தவங்க மாத்திரைக்காக திட்டுனாங்க.

இப்ப ஒழுங்கா மாத்திரை போடுறேன், பிரஷரு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் யாரும் வரல. என்ன உறுத்துறது அந்த அக்கா யாருங்கறது இல்ல. சில நாள் காலையில மாத்திரைய உள்ளங்கையில வெச்சுக்கிட்டு, இன்னிக்கு முழுங்காம விட்டா திரும்பி வந்து ஒரு தடவ திட்டுவாங்களான்னு ரொம்ப நேரம் நின்னுடுறேன்.