வழக்கு உண்டா?

சத்தியபாய் டீச்சர் பொய் எழுதமாட்டாள் என்பது பாறசாலைக்குக் கிழக்கே நாலு கிராமத்துக்கும் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வருகிற நாளில்கூட, வராத பிள்ளைக்கு ஆஜர் போடாத பிறவி. அப்பனும் அம்மையும் போனபிறகு தம்பி ராபின்சனை வளர்த்ததும் அந்தக் கண்டிப்பில்தான். ஐம்பத்துநாலாம் வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு கமிட்டி, எல்லைக் கிராமங்களில் குற்றம் கூடுகிறதா குறைகிறதா என்று ஆராயக் கிளம்பியது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத அவளைத்தான் பிடித்தார்கள்.

அச்சடித்த தாளில் ஏழாவது கேள்வி இது: 'கடந்த பன்னிரண்டு மாதத்தில் உங்கள் வீட்டில் வழக்கு உண்டா?'

இந்தப் பக்கத்தில் கோர்ட்டில் நடப்பது கேஸ். வீட்டுக்குள் நடக்கிற சண்டைக்கும் ஏச்சுப்பேச்சுக்கும்தான் வழக்கு என்று பெயர். புத்தகத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கே அன்றைக்கு வேறு அர்த்தம் தோன்றவில்லை. சர்க்காருக்கு ஊர்ச் சண்டைமேல் ஏன் இத்தனை அக்கறை என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

"வழக்கு இல்லாத நாளு உண்டா டீச்சரே?" என்றாள் முதல் வீட்டுக் குமாரி. "காலத்த எந்திச்சா எனக்கும் மாமிக்கும் அதுதான் ஆக்கும் சோலி."

டீச்சர் சிரித்துக்கொண்டே 'உண்டு' என்று எழுதினாள். இருநூற்றுப் பத்து வீட்டில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வீடு 'உண்டு'.

இரண்டு மாதம் கழித்து, எல்லைக் கிராமங்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று போன ஊர்வலத்தில் கல் பறந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டுபோன பதினோரு பேரில் ராபின்சனும் ஒருவன். கல்லெறிந்தவர்களில் அவன் இல்லை, ரோட்டோரம் வேடிக்கை பார்த்தவன் என்பதுதான் அவன் வக்கீலிடம் இருந்த ஒரே வாதம். ஜாமீன் கிடைத்துவிடும் என்று அவர் சொல்லியிருந்தார்.

கோர்ட்டில் சர்க்கார் வக்கீல் ஒரு அறிக்கையை விரித்தார். பத்து வீட்டில் ஒன்பது வீட்டின்மேல் குற்ற வழக்கு நடக்கிற கிராமம் ஒன்று இருப்பதாகப் படித்தார். கர்த்தாவே, அப்படியும் ஒரு ஊரா என்று பெஞ்சில் இருந்த டீச்சர் பரிதாபப்பட்டாள். அடுத்த வரியில் அவளுடைய ஊர்ப்பெயர் வந்தது.

தான் எழுதிய 'உண்டு'தான் அங்கே குற்ற வழக்காகியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சர்க்கார் வக்கீல் நிறுத்தவில்லை. இப்படிப்பட்டவர்களை உள்ளே வைத்து ஒடுக்க வேண்டும் என்பாரும், ஜெயில் ஆளைத் திருத்தாது, பள்ளிக்கூடம் கட்டுங்கள் என்பாரும் கமிட்டியில் இருக்கிறார்களாம். ஆனால் இந்தக் கணக்கில் மட்டும் இரு தரப்புக்கும் சந்தேகமே இல்லையாம். ஊரே இப்படி இருக்கையில் ஒருவனை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று முடித்தார்.

டீச்சர் எழுந்துவிட்டாள். "எசமானே, அதை எழுதினது நானாக்கும். எங்க ஊருல வழக்குண்ணு சொன்னா சண்டை. கேஸ் இல்ல. தப்பு நடந்துபோச்சு."

மாஜிஸ்திரேட் பொறுமையான மனிதர். அவளைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கினார். அறிக்கையோடு இணைத்திருந்த அவளுடைய தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உங்கள் வீட்டுக்கும் 'உண்டு' என்று எழுதியிருக்கிறீர்களே டீச்சர். அது என்ன வழக்கு?"

"நானும் தம்பியும்தான் எசமானே. கூட்டத்துக்குப் போவாதேண்ணு நான் ஏசினேன்."

"அவன் என்ன சொன்னான்?"

பைபிளைத் தொட்ட கை இன்னும் கீழே இறங்கவில்லை. இத்தனை வருஷத்துப் பழக்கம் யோசிக்க விடாமல் அவள் வாயைத் திறந்தது. "போலீஸ் அடிச்சா நாங்களும் கல்லெடுப்போம்ணு சொன்னான்."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். ராபின்சனின் வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் டீச்சருக்கு உறைத்தது. அது வெறும் பேச்சு, கோபத்தில் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தாள்.

எதிர்க் கூண்டிலிருந்து ராபின்சன் மெதுவாகச் சொன்னான்: "போதும் அக்கா. இனி ஒண்ணும் சொல்லண்டாம்."