கொளஞ்சியப்பரிடம் நான் கட்டிய லேப்டாப் பிராது

எனக்குக் கோபம் அதிகம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்த கஷ்டத்தில் பாதி அதனால்தான் வந்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சூளையிலிருந்து இறங்கும் சாமான்களை விரலால் தட்டிப் பார்த்துப் பிரிக்க வேண்டும். கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் மங்கினால் உள்ளே கீறல். என் காது தப்பு செய்ததே இல்லை என்று எனக்குத் திமிர்.

போன ஆவணியில் என் மகள் பவித்ராவுக்கு வீட்டிலிருந்தே செய்கிற கணக்கு வேலை ஒன்று கிடைத்தது. சென்னைக் கம்பெனி. லேப்டாப் நாங்கள்தான் வாங்க வேண்டும். "நானும் வரேம்மா" என்றாள். "உனக்கென்னடி தெரியும்" என்று நான் தனியாகப் போய், தெரிந்தவரிடம் பழையது ஒன்றைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தேன்.

பயிற்சியின் முதல் நாளே அது மூன்று முறை நின்றது. மூன்றாவது முறை, மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துப்போனது. நான் பிள்ளையைத் தேற்றினேனா? இல்லை. "கண்டதையும் அமுக்கினா நிக்காம என்ன பண்ணும்? உனக்கெல்லாம் எதுக்குடி வேலை?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

அன்றோடு அவள் என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். கம்பெனி ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. திங்கட்கிழமை அடுத்த பயிற்சி தொடங்குகிறது. எட்டு ஜிபி மெமரி உள்ள லேப்டாப்போடு வர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. அந்தச் செய்தியைப் போனில் காட்டிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

வியாழக்கிழமை கடைத்தெருவுக்குப் போனேன். பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் இரண்டு லேப்டாப். ஒரே கறுப்பு, ஒரே அகலம், கிட்டத்தட்ட ஒரே விலை. முதல் கடைக்காரன் "ரெண்டும் ஒண்ணுதாங்க்கா. எட்டு ஜிபி. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான். இரண்டாவது கடைக்காரன் "அவன் பேச்ச நம்பாதீங்க" என்றான். அவன் பேச்சை மட்டும் எதற்கு நம்ப வேண்டும்? நான் இரண்டின் மூடியையும் தட்டினேன்.

"அக்கா, இது டம்ளரு இல்ல!" என்று இரண்டாவது கடைக்காரன் கத்தினான்.

முதல் கடை லேப்டாப் கணீரென்றது. இரண்டாவது மங்கலாகக் கேட்டது. முதல் கடையிலேயே சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். இரண்டு அட்டைப்பெட்டியையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தேன். ஆனாலும் மனசு அடங்கவில்லை. இதுவும் நின்றுபோனால் என் பிள்ளைக்கு இன்னொரு திங்கட்கிழமை கிடையாது.

வெள்ளிக்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் போனேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே நம் குறையைக் காகிதத்தில் பிராதாக எழுதி, சாமி முன்னால் வைத்து, பிறகு முனியப்பர் சன்னதி வேலில் கட்டுவோம். குறை தீர்ந்ததும் வந்து வாபஸ் வாங்க வேண்டும். கோயில் என்பதால் பவித்ராவும் வந்தாள். பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.

"யார் மேல பிராது?" என்று கேட்டார் அங்கே எழுத உதவுகிறவர்.

"ரெண்டு கடைக்காரனுங்க மேலயும். எவன் பொய் சொல்றான்னு தெரியணும்."

"பொருள் என்னான்னு முழுசா எழுதும்மா. மொட்டையா எழுதினா சாமி எதன்னு விசாரிக்கும்?"

பெட்டியில் எல்லாம் இங்கிலீஷ். வேறு வழியில்லை. கொளஞ்சியப்பா என்று மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே போனை மகளிடம் நீட்டினேன். "படிச்சுச் சொல்லு சாமி, நான் எழுதறேன்."

ஆறு நாளுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டேன். அவள் வரி வரியாகப் படித்தாள். இரண்டு கடைக்கும் எதிரெதிராக எழுதிக்கொண்டே வந்தேன். திரை ஒன்றுதான். பேட்டரி ஒன்றுதான். மெமரி என்ற வரியில் அவள் நின்றுவிட்டாள்.

"ம்மா, நீ எதை எடுக்கறேன்னு சொன்ன?"

"மொதக் கடைதுதான். ஏன்?"

"அதுல நாலுதான் இருக்குது. அடுத்த கடைதுலதான் எட்டு."

"அவன் பல்லப் பேக்கறேன் பாரு" என்று எழுந்தேன்.

"அவன் பல்லு கெடக்கட்டும். தட்டிப் பாத்து எடுத்தது யாரு?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வேறொரு காகிதம் கேட்டேன். "இப்ப யார் மேலம்மா?" என்றார் அவர்.

"என் மேலதான். என் வாய் மேல."

"வாதியும் நீ, எதிரியும் நீயா! சரி, பேர ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி எழுது."

என் மகளுக்கு வேலை நிலைக்க வேண்டும், அவளைச் சுடுகிற என் வாய் அடங்க வேண்டும் என்று இரண்டு குறையை எழுதிக் கட்டினேன்.

சனிக்கிழமை பவித்ராவே இரண்டாவது கடையில் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து வாங்கினாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டு, கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். ஒன்பது மணி, பத்து மணி, மதியம். திரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. சாயங்காலம் அவள் தட்டு நிறையச் சாப்பிட்டாள். எனக்கு மூச்சு அன்றைக்குத்தான் ஒழுங்காக வந்தது.

பெட்டியில் எழுதியிருந்ததை உன் மகள் படித்தாள், இதில் சாமி எங்கே வந்தார் என்று பீங்கான் கம்பெனியில் கேட்கிறார்கள். படம் ஒரு நாள் முழுக்க என் கையில்தான் இருந்தது. அதை மகளிடம் நீட்ட வைத்தது யார்? என் கை அப்படி நீளுகிற கையே இல்லை. எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்துக்குள் வேலை நிரந்தரமானது. மகளோடு ஒரே சீட்டில் உட்கார்ந்து போய் அந்தக் குறையை வாபஸ் வாங்கினேன். உங்கள் குறையையும் கொண்டுபோய் வையுங்கள். மறைக்காமல், முழுசாக எழுதுங்கள். அவர் விசாரிப்பார். என்னுடைய இரண்டாவது குறையை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. பாதி அடங்கியிருக்கிறது. மீதியையும் அவர் பார்த்துக்கொள்வார்.