சிவப்புப் பொட்டு வைத்த தட்டு

கோமதி அட்மிட் ஆன அன்று, கூடவே ஒரு தட்டும் டம்ளரும் வந்தன. இரண்டிலும் சிவப்புப் பெயிண்டில் பொட்டு. வீட்டில் யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதாம். டாக்குரியா வீட்டிலிருந்து டாக்சியில் வந்த வழியெல்லாம் தான் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை என்று அவள் மாமியார் பெருமையாகச் சொன்னார்.

எழுபதுகளில் கல்கத்தாவில் நெஞ்சு ஆபரேஷன் வார்டில் நான் ஆயா. அப்போதெல்லாம் இருமினால் டி.பி.தான். சளியில் கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தாலும் டி.பி.தான், கிருமிக்குக் கூச்சம், ஒளிந்திருக்கிறது என்பார்கள். கோமதிக்கும் குடும்ப டாக்டர் மாதக்கணக்கில் ஊசி போட்டார். இருமல் போகவில்லை, காதில் இரைச்சல்தான் வந்தது. பெற்ற மகளைத் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். நல்ல மருமகள், இருமலை விழுங்கவே பழகிவிட்டாள்.

எங்கள் சர்ஜன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டினார். மூச்சுக்குழாய் பக்கத்தில் உருண்டையாக ஒரு நிழல். பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எடுத்த படத்தில், அந்த உருண்டை உணவுக்குழாயைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"டி.பி. இல்லை. பிராங்கோஜெனிக் சிஸ்ட் மாதிரி இருக்கு. தாய் வயித்துல மூச்சுக்குழாய் உண்டாகும்போதே ஒதுங்கின துணுக்கு, சளி கட்டிப் பையாயிடுச்சு. எடுத்துப் பார்த்தாத்தான் நிச்சயம்." அவர் பெங்காலியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"பொறக்கும்போதே இருந்துச்சா? பொண்ணு பாக்கப் போனப்ப ஒருத்தரும் சொல்லலியே!" என்றார் மாமியார்.

இதைச் சர்ஜனிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "சரி என்கிறார்" என்றேன்.

நெஞ்சைத் திறந்து பையை முழுசாக எடுத்தார்கள். சர்ஜன் சொன்னதேதான். விலாவில் குழாய், அதன் மறுமுனை கட்டிலடியில் தண்ணீர் பாட்டிலில். பாட்டிலை மேலே தூக்கினால் தண்ணீர் நெஞ்சுக்குள் ஏறிவிடும்; யாரும் தூக்காமல் காப்பது என் உத்தியோகம்.

மறுநாள்தான் வம்பு. இருமிச் சளியைத் துப்பாவிட்டால் நுரையீரல் விரியாது, நிமோனியா வந்துவிடும். "காஷோ மா, ஜோரே காஷோ!" இருமும்மா, பலமா இருமு என்று சர்ஜன் கெஞ்சினார். இவ்வளவு நாள் அடக்கச் சொன்ன உலகம் இப்போது கெஞ்சுகிறது! கோமதி வாயைப் பொத்திக்கொண்டு கதவையே பார்த்தாள். அங்கே மாமியார், மூக்கில் முந்தானை. காய்ச்சல் ஏறியது. மூச்சு வாங்கியது.

சர்ஜனும் கதவைப் பார்த்தார். "மாஷிமா, இங்கே வாங்க." பெரியம்மா என்று மாமியாரைத்தான் கூப்பிட்டார். மாமியார் கையில் ஒரு தலையணையைத் திணித்துத் தையல்மேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அதற்கு இரண்டு கையும் வேண்டும். முந்தானை நழுவியது. பிடிக்க மூன்றாவது கை இல்லை.

"இருமேன்டி" என்றார் மாமியார், ரகசியம் மாதிரி.

கோமதி தலையாட்டினாள், மாட்டேன் என்று.

"இருமித் தொலையேன்டி! அங்க உம் மக அம்மா அம்மான்னு என் உயிரை வாங்குறா!"

இருமினாள். அத்தனை நாள் விழுங்கியதெல்லாம் சேர்த்து, நேரே மாமியார் முகத்தில். பாட்டிலில் தண்ணீர் குதித்தது. மாமியார் கண்ணை மூடித் திறந்தார். தலையணையை விடவில்லை.

"இன்னொரு தரம்" என்றார்.

வீட்டுக்குப் போன அன்று, ஆஸ்பத்திரி கேட்டில் காத்திருந்த குழந்தையை மாமியாரே தூக்கிக்கொண்டு வந்தார். "தையல் இருக்கு, உக்காந்து வாங்கிக்கோ."

புதிதாக ஆயா வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கும் பாடம் ஒன்றுதான்: நோயாளி இருமவில்லை என்றால், கதவருகே யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

தட்டை அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். மறந்துவிட்டார்களாம். ரிடையர் ஆகும்வரை நான் அதில்தான் சாப்பிட்டேன். நல்ல கனமான தட்டு. பொட்டு இருந்ததால் யாரும் தவறிக்கூட எடுக்கவில்லை.