கால் முன்னால் போகும் வண்டி

சாய்ந்து படுத்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள் என்னுடையது. அதே மாதிரி ஒன்றை ஓட்டிய நண்பனைப் பலமனேர் சாலையில் லாரி அடித்துவிட்டது. அவ்வளவு தாழ்வாக வந்த வண்டி கண்ணிலேயே படவில்லையாம் டிரைவருக்கு. நண்பன் அங்கேயே போய்விட்டான்.

இனி வீட்டுக்குள்தான் ஓட்ட வேண்டும் என்றாள் மனைவி. நின்ற இடத்திலேயே மிதிக்க ஒரு டிரெய்னர் வாங்கத் திருப்பதிக்குப் போனோம். பின்சக்கரத்தோடு மாட்டுவது ஒரு வகை, சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டுவது இன்னொன்று. முதல் வகையைக் கேட்டேன். நினைத்தால் வண்டியை இறக்கி ரோட்டுக்குப் போய்விடலாம். அது அவளுக்குத் தெரியாதா என்ன? கழற்றுவதையே கொடுங்கள் என்று கடைக்காரரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டாள். சக்கரத்தை அன்றே கங்காதர நெல்லூரில் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பியும் விட்டாள். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

சித்தூர் வீட்டு ஹாலில், காற்று வரட்டுமென்று வாசலைப் பார்த்து வண்டியை வைத்து மிதித்தேன். சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

“வாசலப் பாத்து கால நீட்டிக்கினு படுத்துனுகீறியே, பொணமா நீ?”

பதிலுக்குக் கத்த வாயெடுத்தேன். நண்பனைத் தூக்கிப் போனபோதும் அவன் கால்கள்தான் முதலில் வாசலைத் தாண்டின.

வண்டியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டேன். மிதிக்கும்போது இன்னும் கண்ணெதிரே தெரிவது அந்த இரண்டு கால்கள்தான்.