பானை இறக்காத கிளிகள்

கோவில்பட்டியில் நான் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஒரு தையல் டீச்சர் இருந்தார். அவருடைய வெள்ளைச் சேலையில் கரிசல் புழுதி ஒட்டி நான் பார்த்ததில்லை. ரவிக்கைத் தோளில் எப்போதும் நூல் கோத்த ஊசி ஒன்று குத்தியிருக்கும். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் இரண்டு கிளிகள் போட்ட தலையணை உறையைப் பரிசளிப்பார். நாங்கள் வாய் நிறையப் புகழ்வோம். புகழ்வதற்கு ஊசி நூல் வேண்டாமே.

என் கல்யாணத்துக்கு முன்பு கேட்டார்: “உள்ளதைச் சொல்லுங்க சார். என் கைத்தையல் வேணுமா, எவர்சில்வர் டம்ளர் வேணுமா?”

எனக்கு டம்ளர்தான் வேண்டியிருந்தது. “உங்க கைத்தையலுக்கு ஈடு உண்டா டீச்சர்?” என்றேன்.

“எல்லாரும் இப்படித்தான் சொல்லுதிய. நேத்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவிய வீட்டம்மா என் கிளியைப் பிடிச்சுத்தான் சோத்துப் பானையை இறக்குதாவ.”

கல்யாணத்தன்று அவர் தந்த பொட்டலத்தில், காடாத் துணியை நாலாக மடித்துத் தைத்த பிடிதுணி இருந்தது. அதிலும் அதே கிளிகள்.

“எப்படியும் அடுப்பங்கரைக்குத்தானே போவும். கை சுடாம இருக்கட்டும்னு கெட்டியாவே தச்சிட்டேன்” என்றார், சிரிக்காமல்.

அதைப் பிடித்துப் பானை இறக்க என் மனைவிக்கு மனம் வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஒருநாள் வீட்டுக்கு வந்த டீச்சர் அதை அண்ணாந்து பார்த்தார்.

“கெட்டியாத் தச்சது வீணாப் போச்சே சார்” என்றார்.

அவரிடம் எப்படித்தான் நல்ல பெயர் வாங்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.